60 வருஷம் தொடர்ந்து எம்.எல்.ஏ.வா? கலைஞரின் 13 தேர்தல்கள் பற்றி ஒரு பிரியாணிப் பந்தயம்

தெருமுனை_செந்தில்:
நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருக்கிறார். "1957 முதல் 2018 வரை 60 ஆண்டுகள் தொடர்ந்து சட்டமன்ற உறுப்பினர், 13 முறை போட்டி, ஒரு முறைகூடத் தோல்வி இல்லை, உலகிலேயே இப்படி ஒருவர் இல்லை" என்று கலைஞர் படத்தோடு. நான் சும்மா இருந்திருக்கலாம். "தொடர்ந்து" என்பது இடிக்கிறதே மாமா, 91இல் ராஜினாமா செய்தாரே என்று கேட்டுவிட்டேன். பேச்சு வளர்ந்து கடைசியில் நாலு பேருக்குப் பிரியாணி என்று பந்தயமாகிவிட்டது. ஆதாரத்தோடு பேச வேண்டும். தயவுசெய்து அவரை முதல்வராகவோ, வசனகர்த்தாவாகவோ, கட்சித் தலைவராகவோ இங்கே இழுக்காதீர்கள், அதற்கெல்லாம் வேறு இழைகள் நிறைய உண்டு. எம்.எல்.ஏ. கருணாநிதி மட்டும்.

பழுப்புக்கோப்பு:
செந்தில், பந்தயத்தில் பாதி உங்களுக்கு, பாதி மாமாவுக்கு. 13 போட்டி, 13 வெற்றி என்பது சரி, அதில் சந்தேகமே இல்லை. 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணா நகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். எண்ணிப் பாருங்கள், சரியாக 13 வரும்.

"தொடர்ந்து" என்பதுதான் தப்பு. 1983 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் படுகொலையைக் கண்டித்து அவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை விட்டு விலகினார்கள். 1984இல் கலைஞர் எம்.எல்.சி. ஆகி மேலவைக்குப் போனார், அதனால் அந்த வருடக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் நிற்கவே இல்லை. 1986 நவம்பரில் மேலவையையே எம்.ஜி.ஆர். அரசு கலைத்துவிட்டது, அதோடு அந்த இடமும் போயிற்று. அப்புறம் 1989 ஜனவரியில்தான் மறுபடி உள்ளே வந்தார். 1991இல் ஜெயித்து உடனே ராஜினாமா, திரும்பி வந்தது 1996இல். எம்.எல்.ஏ. என்று மட்டும் கறாராகக் கணக்குப் போட்டால் 83 முதல் 89 வரை ஐந்தரை வருடம் போயிற்று, 91 முதல் 96 வரை ஏறக்குறைய ஐந்து வருடம் போயிற்று, 1976 ஜனவரிக் கடைசியில் ஆட்சியைக் கலைத்ததிலிருந்து 77 தேர்தல் வரை சபையே கிடையாது. எல்லாம் கழித்தால் 50 வருடத்தை ஒட்டி நிற்கும். அதுவே எவ்வளவு பெரிய கணக்கு, அதை எதற்கு 60 என்று ஊதவேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை.

பச்சைமிளகாய்:
சரி, 13க்கு 13. ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஆறு தொகுதி. குளித்தலை ஒரு முறை, தஞ்சாவூர் ஒரு முறை, அப்புறம் சென்னைக்குள்ளேயே சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். கருணாநிதி தோற்றதில்லை என்பதைவிட, தோற்கும் இடத்தில் நின்றதில்லை என்பதுதான் பொருத்தம். மக்கள் மாற்றும் முன் அவரே மாறிவிடுவார். இதில் தொகுதி விசுவாசம் எங்கே இருக்கிறது?

குளித்தலைப்_பாலம்:
பச்சைமிளகாய் அண்ணே, எங்கள் ஊரில் நின்றபோது அது ஒன்றும் பஞ்சுமெத்தை இல்லை. 1957இல் திமுக முதல்முறை தேர்தலில் நிற்கிறது, அவருக்கு வயது 32. எதிரே காங்கிரஸின் கே.ஏ.தர்மலிங்கம், மேலே காமராஜர் ஆட்சி. 8,296 ஓட்டு வித்தியாசம். மாநிலம் முழுக்க அந்தக் கட்சிக்கு 15 பேர்தான் தேறினார்கள்.

எங்கள் தாத்தா நங்கவரம் பக்கம். 57இல் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் திரும்பியும் வந்தவர் இவர்தான் என்று சொல்வார். நங்கவரம் பண்ணை விவசாயிகள் பிரச்சினையைத்தான் சட்டமன்றத்தில் தன் கன்னிப் பேச்சாகப் பேசினார், அது பதிவில் இருக்கிற விஷயம். தாத்தா கட்சிக்காரர் இல்லை, கடைசிவரை காங்கிரஸ். ஆனாலும் நம்ம ஊர் பேர் கோட்டைக்குள்ளே கேட்டுச்சு என்று அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பச்சைமிளகாய்:
நல்ல கதை. ஆனால் 62இல் அதே குளித்தலையை ஏன் விட்டார்? தாத்தாவிடம் கேட்டீர்களா?

பழுப்புக்கோப்பு:
இதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் பச்சைமிளகாயின் வாதம் இங்கேதான் பலமாகவும் இருக்கிறது, இங்கேதான் உடையவும் செய்கிறது.

1957இல் ஜெயித்த அந்த 15 பேரையும் 62இல் எப்படியாவது வீழ்த்த வேண்டும் என்று காங்கிரஸ் குறிவைத்து வேலை செய்தது. 14 பேர் தோற்றார்கள். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார், அதுவும் அவருடைய சொந்த ஊரில். மிஞ்சியவர் ஒரே ஒருவர், தொகுதி மாறிய கலைஞர். அதனால் மாறியது உயிர் பிழைக்கும் வித்தை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்கே மாறினார் என்று பாருங்கள். தஞ்சாவூரில் காங்கிரஸ் வேட்பாளர் பரிசுத்த நாடார், ஊரே அறிந்த செல்வாக்கான மனிதர், 57இல் அங்கே ஜெயித்தவர். 1,928 ஓட்டில் இவர் வென்றார். 67இல் மாநிலமே திமுக பக்கம் சாய்ந்தபோது இவர் சைதாப்பேட்டைக்குப் போய்விட, அந்தத் தஞ்சாவூரில் மறுபடி பரிசுத்த நாடார்தான் ஜெயித்தார். திமுக அலையிலேயே திமுக ஜெயிக்காத இடத்தில், அலை இல்லாத 62இல் ஒருவர் ஜெயித்திருக்கிறார். இதைப் பாதுகாப்பான தொகுதி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பச்சைமிளகாய்:
தஞ்சாவூரை விட்டுத்தருகிறேன். சென்னையை விடமாட்டேன்.

வடசென்னை_வாசி:
சென்னை என்று சொன்னதும் நான் வந்துவிட்டேன். 1967 பற்றி யாரும் எழுதவில்லையே. விருகம்பாக்கம் மாநாட்டில் அண்ணா வேட்பாளர் பட்டியலை மேடையிலேயே வாசிக்கிறார். தேர்தல் நிதிக்கு 10 லட்சம் என்று இலக்கு, பொருளாளராக இருந்த கலைஞர் 11 லட்சம் திரட்டிக் கொடுத்திருந்தார். சைதாப்பேட்டை வந்ததும் அண்ணா பெயரைச் சொல்லாமல் "11 லட்சம்" என்றாராம், கூட்டம் புரிந்துகொண்டு ஆர்ப்பரித்ததாம். இதை எங்கள் அப்பா குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் கைதட்டல் சத்தம் கூடிக்கொண்டே போகும். 20 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், 71இல் அது 12 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. கவனியுங்கள், 71 திமுகவின் உச்சம், 184 இடம். கட்சி ஏறும்போது தலைவரின் வித்தியாசம் இறங்கியிருக்கிறது.

வக்கீல்_குமாஸ்தா:
எல்லோரும் 1980ஐ எப்போது தொடுவீர்கள் என்று காத்திருந்தேன். 699 ஓட்டு!

அந்த வருடத்தின் சூடு தெரியாதவர்களுக்கு: ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தலில் திமுக, இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தை வழித்துத் துடைத்தது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல், அதில் அப்படியே தலைகீழ், எம்.ஜி.ஆர். மறுபடி முதல்வர், திமுகவுக்கு 37 இடம். அண்ணா நகரில் கலைஞருக்கு எதிரே நின்றவர் டாக்டர் எச்.வி.ஹண்டே.

இந்த ஹண்டே யார் என்பதுதான் சுவை. கலைஞர் முதல்வராக இருந்தபோது சுதந்திராக் கட்சி உறுப்பினராகச் சபையில் எழுந்து, இது மூன்றாந்தர அரசு என்றவர். இல்லை, இது நாலாந்தர அரசு என்று கலைஞர் பதில் சொன்னார். சபையே ஒரு கணம் விழித்தது. நாலு வருணத்தில் நாலாவதாகத் தள்ளப்பட்ட சூத்திரர்களின் அரசு என்ற பொருளில் அதை அவர் விளக்கினார். வசவாக வந்ததை வாங்கித் தன் கட்சியின் அடையாளமாக மாற்றிவிட்டார். பத்து வருடம் கழித்து அதே மனிதர் அதிமுக வேட்பாளராக வந்து 699 ஓட்டு வரை இழுத்துக்கொண்டு போனார்.

அதோடு விடவில்லை. தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டார். செலவு உச்சவரம்பைத் தாண்டிவிட்டார்கள், அலங்கார பேனர் வைத்ததைக் கணக்கில் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பேனரின் புகைப்படத்தை மனுவோடு சேர்த்தார்கள், ஆனால் அந்தப் புகைப்படத்தின் நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனது. புகைப்படம் மனுவின் பிரிக்க முடியாத பகுதி, அதன் நகல் தராதது சட்டப்படி மனுவையே வீழ்த்தும் குறை என்று 1983இல் தீர்ப்பு. மனு தள்ளுபடி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 81(3), 86(1) என்று இன்றும் தேர்தல் வழக்கு நடத்துபவர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவார்கள். எங்கள் சீனியர் ஒவ்வொரு தேர்தல் மனுத் தாக்கலின்போதும் "பேனர் போட்டோ ஞாபகம் இருக்கட்டும்டா" என்று ஜூனியர்களை விரட்டுவார். நகல் எடுக்கிற கடைக்கு ஓடியது நான்தான்.

பேனரில் செலவு உண்மையில் மீறப்பட்டதா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அது வேறு விஷயம்.

பச்சைமிளகாய்:
அதாவது தோற்காததற்கு ஒரு ஜெராக்ஸும் காரணம் என்கிறீர்கள்.

வக்கீல்_குமாஸ்தா:
ஹா ஹா. ஓட்டு எண்ணிக்கையில் அவர் ஜெயித்துதான் இருந்தார். ஜெராக்ஸ் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

கோட்டயம்_பேசஞ்சர்:
நான் கோட்டயத்தில் 20 வருடமாக இருக்கிற தமிழன், "உலகிலேயே இல்லை" என்ற வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே பக்கத்திலேயே பாலா தொகுதி. கே.எம்.மாணி 1965 முதல் 2016 வரை அதே 13 முறை, ஒரே தொகுதியில், ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெயித்தவர். (65இல் தேர்ந்தெடுத்த கேரள சபை கூடவே இல்லை, அதை எண்ணலாமா கூடாதா என்பது தனிப் பஞ்சாயத்து.) இன்னொரு பக்கம் புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி, 1970 முதல் 2023இல் இறக்கும்வரை 12 வெற்றி, இடைவெளியே இல்லை. மாமா சொல்லும் "தொடர்ந்து" என்ற சொல்லுக்கு உம்மன் சாண்டிதான் பொருந்துவார். அவர் முதல்வராக இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை புதுப்பள்ளி வீட்டு முன்னால் கூட்டம் நிற்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

மாணி 2019இல் இறந்ததும் நடந்த இடைத்தேர்தலில் பாலா அவருடைய கட்சியின் கையை விட்டே போய்விட்டது. 54 வருடம் ஒருவரோடு ஒட்டியிருந்த ஊர் ஐந்தே மாதத்தில் மாறிவிட்டது.

பச்சைமிளகாய்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி மாதிரி ஒரு ஊர் "எங்கள் ஆள்" என்று சொல்வது வேறு. சேப்பாக்கத்துக்காரர்கள் கருணாநிதியை எங்கள் எம்.எல்.ஏ. என்று சொல்லி மனுக் கொடுத்திருப்பார்களா? அவர் முதல்வர், அவ்வளவுதான். ஒரு வார்டு கவுன்சிலருக்குத் தெரிந்த தெருக்குழாய்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

வடசென்னை_வாசி:
தமிழ்நாட்டில் கட்சித் தலைவர்கள் எல்லோருமே அப்படித்தான். எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஆரம்பித்து அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி என்று நாடு சுற்றினார். அவரும் தோற்றதில்லை, ஆண்டிபட்டியில் அமெரிக்க மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி ஜெயித்தார். ஜெயலலிதா போடி, பர்கூர், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம், ஆர்.கே.நகர். பர்கூரில் 96இல் தோற்றார். சொந்த ஊரில் நின்றவர்கள் கதியைப் பாருங்கள். அண்ணா 62இல் காஞ்சிபுரம், காமராஜர் 67இல் விருதுநகர், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில். ஊர்ப்பாசம் என்பது தேர்தல் அன்று வேலை செய்யாது போலிருக்கிறது.

இப்போது என் சொந்த அனுபவம். 1991இல் நான் துறைமுகம் தொகுதி வாக்காளன், முதல் ஓட்டு. மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். எங்கள் தெருவில் கருப்பு சிவப்புக் கொடிக்கம்பம் இருந்த வீடுகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தன. தேர்தலைத் தள்ளிவைத்து ஜூன் 15 நடத்தினார்கள். பிரச்சாரம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. உதயசூரியன் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டு யாரும் மாடிப்படி ஏறி வரவில்லை, வர பயம். ஓட்டுச்சாவடி வரிசையில் எவரும் எவரோடும் பேசவில்லை, அந்த மௌனம் இன்னும் நினைவிருக்கிறது.

முடிவு வந்தபோது அதிமுக, காங்கிரஸ் கூட்டணி 225. திமுக மொத்தம் 2. எழும்பூரில் பரிதி இளம்வழுதி, துறைமுகத்தில் கலைஞர். 89இல் 30 ஆயிரத்துக்கு மேல் இருந்த வித்தியாசம் 890 ஆகிப் போயிருந்தது, காங்கிரஸின் கே.சுப்புவை எதிர்த்து. தோல்விக்குப் பொறுப்பேற்கிறேன் என்று அவர் ராஜினாமா செய்தார். உள்ளே பரிதி கிட்டத்தட்டத் தனியாளாக ஐந்து வருடம் அந்தப் பெரும்பான்மையோடு மல்லுக்கட்டினார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கோபம் வந்தது. பயந்து பயந்து 890 பேர் கூடுதலாக ஓட்டுப் போட்டிருக்கிறோம், அதில் என்னுடையதும் ஒன்று, நீங்கள் வேண்டாம் என்று போய்விட்டீர்கள் என்று. கட்சித் தலைவராக அது கௌரவமான முடிவாக இருக்கலாம். தொகுதி எம்.எல்.ஏ.வாக எங்களை விட்டுவிட்டுப் போனதுதான்.

பச்சைமிளகாய்:
வடசென்னை, நான் மூன்று பதிவில் சொல்ல நினைத்ததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

வடசென்னை_வாசி:
ஆனாலும் மறுபடி அவருக்குத்தான் போட்டேன். 96இல் அவர் சேப்பாக்கம் போய்விட்டார், துறைமுகத்துக்குப் பேராசிரியர் வந்தார். அதனால் அவருக்குப் போட்டேன் என்பதைச் சின்னத்துக்குப் போட்டேன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

நீலமை:
சேப்பாக்கம் 96இல் காங்கிரஸ் வேட்பாளர் நெல்லை கண்ணன் என்பது நிறையப் பேருக்கு மறந்துவிட்டது. இரண்டு பக்கமும் தமிழ்க் கடல். ஓட்டில் 35 ஆயிரம் வித்தியாசம், தமிழில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல நான் யார்.

2001இல் சேப்பாக்கத்தில் 4,834, 2006இல் 8,526. முதல்வராக இருந்து நின்ற 2001இல் ஐயாயிரம்கூட இல்லை. பச்சைமிளகாய் சொன்ன "பாதுகாப்பான தொகுதி" இதுவாக இருந்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

பழுப்புக்கோப்பு:
ஓட்டு எண்ணிக்கையிலேயே நிற்கிறோம். எம்.எல்.ஏ. என்றால் சபையில் என்ன செய்தார் என்பதும் வேண்டுமல்லவா. நான் பல வருடம் அரசு அலுவலகத்தில் சபைக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மேசையில் உட்கார்ந்தவன், அதனால் இந்தப் பக்கத்தை விட மனசில்லை.

என் கணிப்பில் அவருடைய சட்டமன்ற வாழ்க்கையின் நல்ல பகுதி முதல்வர் நாற்காலியில் இல்லை, எதிர்வரிசையில்தான். 62 முதல் 67 வரை எதிர்க்கட்சித் துணைத்தலைவர், நெடுஞ்செழியன் தலைவர். 77 முதல் 83 வரை எதிர்க்கட்சித் தலைவர், எதிரே எம்.ஜி.ஆர். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு என்ன ஆயுதம் இருக்கிறது? கேள்வி நேரம், துணைக்கேள்வி, வெட்டுத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், கவன ஈர்ப்பு. இதில் துணைக்கேள்விதான் துறை அதிகாரிகளைத் தூங்கவிடாது. எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் படித்துவிடுவார். துணைக்கேள்விக்கு நாங்கள் கேள்வியை ஊகித்து ஒரு தாளில் பத்துப் பதினைந்து பதில்களைத் தயாராக வைக்க வேண்டும். எங்களுக்கு முந்திய தலைமுறை எழுத்தர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கலைஞர் பெயரில் கேள்வி வந்தால் தாள் இரண்டாகும் என்று.

அதே மனிதர் பிற்காலத்தில் எப்படி ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2001க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பைப் பேராசிரியருக்கு விட்டார். 2011இல் 23 இடம்தான், எதிர்க்கட்சி அந்தஸ்தே 29 இடம் பிடித்த தேமுதிகவுக்குப் போயிற்று. அந்தக் காலகட்டத்தில் அவர் கோட்டைக்கு வந்து லாபியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போன நாட்கள் உண்டு. ஜெயலலிதாவும் எதிர்க்கட்சியில் இருந்தபோது சபைக்கு அபூர்வமாகத்தான் வந்தார். முதல்வராக இருந்தவர், வேறொருவர் முதல்வராக இருக்கும் சபையில் எதிரே உட்காருவதில்லை என்ற கெட்ட வழக்கத்தை இருவரும் சேர்ந்தே வளர்த்தார்கள். துணைக்கேள்வியில் அரசைத் திணறடித்தவர் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பச்சைமிளகாய்:
கோப்பு ஐயா, இதில் உங்களோடு முழு உடன்பாடு. இந்த இழையிலேயே முதல்முறை.

குளித்தலைப்_பாலம்:
ஒரு சின்ன இடைச்செருகல். 2010இல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றம் கட்டினாரே, மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தாரே, அதில் ஒரு வருடம்கூட முழுசாக உட்காரவில்லை. 2011இல் ஜெயலலிதா சபையைக் கோட்டைக்கே திருப்பிக் கொண்டுபோய், அந்தக் கட்டடத்தை மருத்துவமனை ஆக்கினார். 1957இல் முதன்முதலில் நுழைந்த அந்தப் பழைய கோட்டைக்கே கடைசியில் கலைஞர் திரும்பிப் போனார். புதுக் கட்டடம் அவருடைய சேப்பாக்கம் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆழித்தேர்:
திருவாரூர்க்காரன் வராமல் இழை முடிந்துவிடுமோ என்று பார்த்தேன். யாரும் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் பிறந்தது திருக்குவளை, படித்து வளர்ந்து கொடி பிடித்தது திருவாரூர். அப்படியிருக்க ஏன் 2011 வரை எங்கள் ஊரில் நிற்கவில்லை? ஊரை மறந்தார் என்று விவரம் தெரியாதவர்கள் பேசுவார்கள். திருவாரூர் நெடுங்காலம் தனித்தொகுதி, பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம். அவர் நினைத்தாலும் நிற்க முடியாது. 2008 தொகுதி மறுசீரமைப்பில்தான் பொதுத்தொகுதி ஆயிற்று, அதற்கு அடுத்து வந்த முதல் தேர்தலிலேயே வந்துவிட்டார். அதே மறுசீரமைப்பில் சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து உருமாறிவிட்டது. பச்சைமிளகாய் அதை ஓடிவந்தது என்பார், நாங்கள் வீடு திரும்பினார் என்போம்.

2011 எப்படிப்பட்ட வருடம் என்று நினைத்துப் பாருங்கள். 2ஜி, மின்வெட்டு, கட்சிக்கு 23. எங்கள் ஊரில் 50,249 ஓட்டு வித்தியாசம். 2016இல் 68,366, அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமான வித்தியாசம் அதுதான். 699க்கும் 890க்கும் ஜெயித்த மனிதர் 90 வயதைத் தாண்டித்தான் இந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்.

தொகுதிக்கு என்ன செய்தார் என்று கேட்டால், முதல்வராக இருந்தபோது வந்ததுதான் அதிகம். திருவாரூரைத் தனி மாவட்டமாக்கியதே அவர் 97இல் செய்தது என்று ஊரில் பெருமை. எம்.எல்.ஏ.வாக இருந்தபோது ஆட்சி எதிர்த்தரப்பு, வயதும் ஆகிவிட்டது. என் தெருவில் ஒரு சிமென்ட் சாலைக்காக நாங்கள் மூன்று வருடம் அலைந்தோம், மனு வாங்கியவர்கள் எல்லோரும் மரியாதையாக வாங்கினார்கள், சாலை மட்டும் வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் புகழ்பாட்டாகிவிடும்.

பச்சைமிளகாய்:
தனித்தொகுதி விஷயம் எனக்குத் தெரியாது. "சொந்த ஊரில் நிற்கும் தைரியம் இல்லை" என்று வேறொரு இழையில் எழுதியிருக்கிறேன், போய்த் திருத்திவிடுகிறேன். மற்றபடி 2016இல் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரை நிறுத்தியது சரியா என்ற கேள்வி நிற்கிறது. உறுதிமொழி எடுத்தார். அப்புறம் அந்தத் தொகுதிக்குச் சபையில் குரல் என்ன?

வக்கீல்_குமாஸ்தா:
சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் 190(4), அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். அவருக்குச் சபை விடுப்பு அனுமதி தந்தது, அதுவும் ஆட்சியில் இருந்த அதிமுக பெரும்பான்மை உள்ள சபை. நியாயமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஆழித்தேர்:
நியாயமா என்றால், நான் போட்ட ஓட்டு சிமென்ட் சாலைக்கு இல்லை. அதை நான் ஒளிக்கவில்லை. ஊர்க்காரர் கடைசிப் பந்தியில் உட்காருகிறார், எழுப்ப மனமில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஆறு ஓட்டு, அதில் இரண்டு பேர் வேறு கட்சி, அவர்களும் அவருக்கே போட்டார்கள். 2018 ஆகஸ்ட் 7 அவர் இறந்த பிறகு இடைத்தேர்தல் அறிவித்தார்கள், கஜா புயல் நிவாரணம் நடந்துகொண்டிருந்ததால் அதை ரத்து செய்தார்கள், கடைசியில் 2019இல் பூண்டி கலைவாணன் ஜெயித்தார். சாலை அதற்கப்புறம் வந்தது.

கோட்டயம்_பேசஞ்சர்:
சாலை வந்ததே, வாழ்த்துகள்!

நெறியாளர்:
நடுவில் சர்க்காரியா கமிஷன், குடும்ப அரசியல் பற்றி வந்த 11 பதிவுகளை அவற்றுக்கான இழைகளுக்கு மாற்றியிருக்கிறேன். கோபம் வேண்டாம், அங்கே போய்த் தொடருங்கள். இழையைத் தொடங்கியவர் பந்தய முடிவைச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும், பாதிப் பேர் அதற்காகத்தான் படிக்கிறார்கள்.

தெருமுனை_செந்தில்:
அனைவருக்கும் நன்றி. கோப்பு ஐயாவின் கணக்கை அப்படியே மாமாவுக்கு அனுப்பினேன். 83 ராஜினாமா, மேலவை, 91 ராஜினாமா எல்லாம் வருடத்தோடு. இரண்டு நீல டிக் வந்தது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டார். "மேலவையும் சட்டமன்றம்தானே, எம்.எல்.சி.யும் ஓட்டுப் போட்டு வருவதுதானே, அதை ஏன் கழிக்கிறாய்" என்கிறார். சரி மாமா, மேலவையைச் சேர்த்தே வைத்துக்கொள்வோம், 86 நவம்பரில் மேலவையே போய்விட்டதே, அதிலிருந்து 89 வரை என்ன கணக்கு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எம்.ஜி.ஆர். செய்த வேலை, அவர் கணக்கில் எழுது" என்றார்.

91 முதல் 96க்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. கடைசியில் அரை பிரியாணி என்று சமரசம் ஆயிற்று. அவர் மட்டன் வாங்கித் தருகிறார், அரிசியும் எரிவாயுவும் என் செலவு. குழுவில் போட்ட செய்தியை இன்னும் அழிக்கவில்லை.

பச்சைமிளகாய்:
எனக்கு ஒரு பொட்டலம் எடுத்துவையுங்கள். தஞ்சாவூரை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.